காங்சல் சாகக் கூடாது

காம்கோல் சுரங்கக் குடியிருப்பு,
கங்வோன் மாநிலம்
1977 நவம்பர் 20

மதிப்பிற்குரிய யோம் அவர்களுக்கு,

தாக் சாங்மோவின் மனைவி இன்சுக் எழுதுகிறேன். நானும் யோன்ஜியும் குளிரோடும் கரித்தூசியோடும் சண்டை போட்டுக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். சியோலில் உங்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? ரேடியோ நிலையத்துக்காரர்கள் காப்பியைக் குடித்தே நாளை ஓட்டுவார்கள் என்று பேக் அக்கா சொல்கிறாள். அவள் சொல்வதில் பாதி பொய். இது எந்தப் பாதி என்று தெரியவில்லை.

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போட்டு முடித்துவிட்டோம். இந்த வருஷம் முட்டைக்கோஸ் நன்றாக வந்திருக்கிறது, மிளகாய்த்தூள்தான் காரமில்லை. யோன்ஜி பள்ளிக்கூடம் போகிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள். நான் இன்னும் பெல்ட்டில்தான். ஓடுகிற கரியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் போடுகிற வேலை. புருஷனைச் சுரங்கத்துக்குக் கொடுத்த பெண்களுக்குக் கம்பெனி தருகிற வேலை அது ஒன்றுதானே. பெல்ட்டின் இரண்டு பக்கமும் விதவைகள்தான் நிற்கிறோம். பேச்சுக்குக் குறைவில்லை.

எழுத வந்தது உங்கள் ரேடியோத் தொடரைப் பற்றி.

'நிலத்தடிச் சூரியன்' இங்கே எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களோ என்னவோ. சாயந்திரம் அது தொடங்கினால் பொதுக் குழாயடியில் வாளிகள் நிரம்பி வழியும், நிறுத்த ஆள் இருக்காது. ஷிப்ட் மாறுகிறவர்களும் கேட்கட்டும் என்று கம்பெனி சுரங்க வாசல் முற்றத்தில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது. குளிக்கப் போகாமல் கறுப்பு முகத்தோடு ஆம்பிளைகள் நின்று கேட்கிறார்கள். கதாநாயகன் காங்சல் தீக்குள் புகுந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், துடைத்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. 'எழுதியவர் யோம் தல்சு' என்று அறிவிப்பாளர் சொன்னதும், இவன் எங்களோடு மண்வெட்டி பிடித்தவன் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நீங்கள் இங்கே இருந்தபோது, கரி வெட்டத் தெரியாதவன் காகிதம் வெட்டப் போகலாமே என்று கேலி செய்தவர்களும் அவர்கள்தான்.

முதல் வாரம் நானும் அழுதேன். மறைக்க மாட்டேன். கூரை இடிந்து விழுகிறபோது நண்பன் காங்சலை வெளியே தள்ளிவிட்டுத் தான் புதைந்து போகிறான். அன்றிலிருந்து ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே காங்சல் முதல் ஆள். வெள்ளத்தில் குதிக்கிறான், விஷவாயுவுக்குள் போகிறான். ஒவ்வொரு தடவையும் 'என் உயிர் என்னுடையது அல்ல' என்று சொல்கிறான். அழாமல் எப்படி இருப்பது.

இரண்டாவது வாரம் எனக்குக் கோபம் வந்தது.

அந்த நண்பனின் மனைவி சூன்-இ என்று ஒருத்தியை வைத்திருக்கிறீர்கள். சுரங்க வாசலில் பனியில் நின்று அழுகிறாள், மயங்கி விழுகிறாள், எழுந்து மறுபடி அழுகிறாள். அது யார்? நான் சுரங்க வாசலில் அழவில்லை. மேற்பார்வையாளரின் சட்டைக் காலரைப் பிடித்து, உளுத்த தாங்குமரத்தை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது நீங்கள்தான். மறந்துவிட்டதா? என் பெண்ணையும் ஆண்பிள்ளையாக மாற்றிவிட்டீர்கள். அவளிடம் சொன்னேன், உங்களோடு டூ விட்டிருக்கிறாள்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் தொடரில் அவர் தன் சோற்றைப் பகிர்ந்து கொடுக்கிறார், இருட்டில் பாட்டுப் பாடி எல்லோருக்கும் தைரியம் தருகிறார். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் குடியிருந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். கூரையை அடைக்கிறேன் என்று இரண்டு மழைக்காலம் ஏமாற்றினார். குறட்டை விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். அந்த மனிதரைத்தான் நான் இழந்தேன். நீங்கள் எழுதியிருப்பவரை எனக்குத் தெரியாது. அவருக்காக ஊரே அழும்போது, என்னுடைய ஆளுக்காக அழ ஒருத்தரும் மிச்சமில்லாமல் போய்விட்டார்கள்.

புதைத்துவிட்டு வந்த அன்று நீங்கள் என் முன்னால் மண்டியிட்டு ஒன்று சொன்னீர்கள். ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது அவர் உங்களிடம், "நீ முன்னாடி போ, நான் வர்றேன்" என்று சொன்னாராம். நீங்கள் மேலே போகிற வண்டியில் ஏறினீர்கள், பின்னால் கூரை விழுந்தது. அந்த வார்த்தையால் அவர் தன் உயிரை உங்களுக்குக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

அதை அவர் எல்லோரிடமும் சொல்வார். சந்தைக்குப் போகும்போது என்னிடம் சொல்வார். எங்கள் கல்யாணத்தன்றே வீட்டு வாசலில் நின்று தன் அம்மாவிடம் சொன்னார். அவருக்கு அவசரப்படப் பிடிக்காது. கூட்டத்தோடு நெருக்கியடித்து வண்டி ஏறப் பிடிக்காது. எல்லோரும் போன பிறகு ரப்பர் பூட்ஸைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டி, கால் விரல்களை நீவிவிட்டுக்கொண்டு, கடைசி வண்டியில் வருவார். குளியல் தொட்டியில் அழுக்குத் தண்ணீர்தான் மிஞ்சும் என்று நான் திட்டாத நாளில்லை. அவர் உங்களுக்கு எதையும் கொடுக்கவில்லை, யோம் அவர்களே. ஒரு சோம்பேறி தன் வழக்கப்படி உட்கார்ந்தார். அந்த நேரத்தில் ஓர் உளுத்த மரம் முறிந்தது. அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு ஒரு கவலையும் இருக்கிறது. போன பிப்ரவரியில் விஷவாயுவில் மூன்று பேர் போனார்களே, அந்தக் குழுவில் நான்காவது ஆள் மின்கு. அன்று அவனுக்கு உட்காருகிற இடத்தில் கட்டி வந்து வேலைக்குப் போகவில்லை. பின்புறம் காப்பாற்றிய ஆள் என்று சாராயக் கடையில் கேலி செய்தார்கள். முதலில் அவனும் சிரித்தான். பிறகு பேசுவதையே விட்டுவிட்டான். இப்போது தினமும் ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு அடியில் உட்கார்ந்து உங்கள் தொடரைக் கேட்கிறான். மற்றவர்கள் அழும்போது அவன் அழுவதில்லை. பாடம் படிக்கிற மாதிரி கேட்கிறான்.

கடைசியில் காங்சல் செத்துப் போவான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். வேண்டாம். அவனைக் கொல்லாதீர்கள். தலைக்குத் தொப்பி போடாமல் வெளியே போகாதீர்கள், சியோல் காற்று ஈரக்காற்று.

இப்படிக்கு,
சாங்மோவின் மனைவி
இன்சுக்

*

காம்கோல்
1978 ஜனவரி 16

மதிப்பிற்குரிய யோம் அவர்களுக்கு,

உங்கள் பதில் வந்து சேர்ந்தது. நல்ல தாள், நல்ல கையெழுத்து. கதைக்கு என்று ஒரு நியாயம் உண்டு, இன்னொருவன் செத்து இவன் பிழைத்தால் இவன் போய்ச் சேரும் இடமும் ஒன்றுதான், காங்சலை உயிரோடு விட்டால் கேட்கிறவர்கள் மன்னிக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரரைப் பற்றி நான் எழுதியதெல்லாம் உங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்ல எனக்கு நேரமில்லை. நடந்ததைத்தான் எழுதினேன்.

இப்போதும் நடந்ததையே எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

போன வியாழக்கிழமை காலையில் கீழ்த்தளத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டது. சங்கு ஊதியதும் பெல்ட்டை நிறுத்திவிட்டு நாங்களும் முற்றத்துக்கு ஓடினோம். ஆட்கள் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். ஆனால் பலகையில் ஒரு பித்தளை வில்லை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போகிறவன் மாட்டிவிட்டுப் போய், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்கிற வில்லைதான். ஓ பங்சிக்குடைய வில்லை. ஆளைக் காணோம். பொறுங்கள், அவன் வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன் என்று மேற்பார்வையாளர் கத்தினார்.

மின்கு பொறுக்கவில்லை. விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தான். பல மாதமாக வாய் திறக்காதவன், எல்லோருக்கும் கேட்கும்படி, "என் உயிர் என்னுடையது அல்ல" என்றான். நாம் வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லவில்லை. ரேடியோவில் வருகிற அதே மாதிரி, அதே இழுப்போடு சொன்னான்.

அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. கூட்டம் அவனுக்கு வழி விட்டது. ஒருவர்கூடக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஏற்கெனவே கேட்டுப் பழகிய காட்சி அல்லவா. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போவதற்குள் அவன் இருட்டுக்குள் மறைந்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஓ பங்சிக் கன்னத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். பல்வலி தாங்காமல் சீக்கிரமே மேலே வந்தவன், வில்லையை எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டானாம். "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டான்.

உள்ளே ஒருவரும் இல்லாத சுரங்கத்துக்குள் மின்கு உயிரைக் கொடுக்கப் போயிருந்தான்.

அவனைத் தேடி நான்கு பேர் இறங்க வேண்டியதாயிற்று. அவர்களும் பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள்தான். மறுநாள் மதியம்தான் கிடைத்தான், விழுந்த மரத்துக்கு அடியில், கழுத்தளவு தண்ணீரில், உயிரோடு. மாவட்ட ஆஸ்பத்திரியில் இடது காலை எடுத்துவிட்டார்கள்.

அவன் மனைவி ஒக்பூனோடு நான் போயிருந்தேன். அவள் அழவில்லை. அவன் கண்ணைத் திறந்ததும், என்ன நினைத்துக்கொண்டு போனாய் என்று மட்டும் கேட்டாள்.

"அந்த மூணு பேரு வீட்டு வாசல் வழியா என்னால நடக்க முடியல. செத்துட்டா நடக்க வேண்டியதில்லையே" என்றான்.

"நடக்க முடியலைன்னா சுத்திப் போயிருக்கலாம். மலையைச் சுத்தி ஆயிரம் வழி இருக்கு. நீ செத்துட்டா நான் எந்த வழியாச் சுத்திப் போறது?" என்றாள் ஒக்பூன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு இன்னொருத்தி வந்தாள். பிப்ரவரியில் போன மூவரில் ஒருவரின் மனைவி, பெல்ட்டில் எனக்கு எதிரே நிற்கிறவள். ஒரு பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். மின்கு அவளைப் பார்த்ததும் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டான். அவள் போர்வையை விலக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"உனக்குக் கட்டி வந்த அன்னிக்கு என் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வந்திருக்கக் கூடாதான்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன். உனக்கு ஏன் வந்துச்சுன்னு ஒருநாளும் நெனச்சதில்ல. வாயைத் திற, கஞ்சி ஆறுது."

அவன் வாயைத் திறந்தான். சாப்பிட்டுக்கொண்டே அழுதான். நான் இதை எழுதுவது மின்குவுக்காக மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

கம்பெனி செய்வதைக் கேளுங்கள். நலத்துறை அதிகாரி ஹா, போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மின்குவை 'நம் காங்சல்' என்று கூப்பிட்டார். உங்கள் தொடர் முடிந்த மறுநாள் கூடத்தில் விழா எடுத்து, மின்குவுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கப் போகிறார்களாம். அதைக் கொடுக்க உங்களையே சியோலிலிருந்து அழைத்திருக்கிறார்களாம். நீங்களும் சம்மதித்துவிட்டீர்களாம்.

கீழ்த்தளத்தை மறுபடி திறந்துவிட்டார்கள். பழைய பம்பு ரிப்பேர், புதிது வரவில்லை. இறங்க மாட்டோம் என்று காலை ஷிப்ட் முரண்டு பிடித்தபோது ஹா சொன்னது இது: "காங்சலா இருந்தா இப்படிக் கேள்வி கேட்டுக்கிட்டு நிப்பானா?" ஆம்பிளைகள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்கள்.

யோம் அவர்களே, தாங்குமரத்தை மாற்றச் சொல்லி என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் கொடுத்த மனுவை எழுதியதே நீங்கள். உங்கள் தொடரில் அந்த மனு எங்கே? அங்கே மலை கோபப்படுகிறது, விதி சிரிக்கிறது, காங்சல் மட்டும் நெஞ்சில் அடித்துக்கொள்கிறான். கம்பெனி சுமக்க வேண்டிய பழியை நீங்கள் தூக்கி உங்கள் தோளில் வைத்துக்கொண்டீர்கள். அவர்களுக்கு எவ்வளவு வசதி! அதனால்தான் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். அதனால்தான் விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள்.

பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வந்தால் முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கி, தாக் சாங்மோ எந்த மரத்தால் செத்தார் என்று சொல்வேன். வேலை போனால் போகட்டும். என்னைப் பிடித்து இறக்க இந்தத் தடவை நீங்கள் முன்வர மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சந்திரப் புத்தாண்டு வருகிறது. அரிசி அப்பத்தைச் சூப்பில் போட்டு ஒரு கிண்ணமாவது சாப்பிடுங்கள். தனியாக இருக்கிறவர்கள் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
இன்சுக்

*

காம்கோல்
1978 மார்ச் 9

தல்சு அவர்களுக்கு,

யோன்ஜி உங்களோடு விட்ட டூவை ரத்து செய்துவிட்டாள். அதை முதலில் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

தொடரின் கடைசி நாள் இங்கே நடந்ததை உங்களுக்கு வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதனால் நான் விவரமாக எழுதுகிறேன்.

அன்று சாயந்திரம் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மின்கு, கவைக்கோலை மடியில் வைத்துக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். ஒக்பூன் அவனுக்குப் பின்னால் நின்றாள். எங்கள் பெல்ட் பெண்கள் எல்லோரும் வந்திருந்தோம். பேக் அக்கா தன் டிரான்சிஸ்டரைக் கோட்டுக்குள் வைத்திருந்தாள். கம்பெனி ஒலிபெருக்கியை நம்புவதில்லையாம். ஹாவும் வந்திருந்தார், புதுக் கையுறை போட்டுக்கொண்டு.

தொடர் தொடங்கியது. வெடிச்சத்தம், சங்கு, ஓடுகிற காலடிகள். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டான் என்று தொடரில் வருகிற மேனேஜர் கத்துகிறார். காங்சல் விளக்கைக் கட்டுகிறான். நீங்கள் நான் எழுதியதைப் படிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது காங்சல் சாதாரணக் குரலில், இழுப்பில்லாமல் கேட்டான்: "உள்ள யாரு? பேரைச் சொல்லுங்க."

மேனேஜர் ஏதோ உளறினார். காங்சல் விடவில்லை. மரம் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டான். பம்பு எங்கே என்று கேட்டான். கேட்கிறது பிழையா என்றும் கேட்டான். என் பக்கத்தில் நின்ற ஓ பங்சிக் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். காங்சல் மறுபடி பேசினான்: "என் உயிர் என்னோடது. அதைக் கேக்கறவங்க முதல்ல காரணம் சொல்லணும்."

ஒலிபெருக்கி நின்றுவிட்டது. ஹா ஆபீசுக்குள் ஓடி வயரைப் பிடுங்கிவிட்டார். பேக் அக்கா கோட்டுக்குள்ளிருந்து டிரான்சிஸ்டரை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். எல்லோரும் அவளைச் சுற்றி நெருக்கினோம். இரைச்சலுக்கு நடுவே பாதிதான் கேட்டது. உள்ளே ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் காங்சல் விளக்கை அவிழ்க்கிறான். செத்த நண்பனின் வீட்டுக்குப் போகிறான். சூன்-இ அழாமல், பசிக்கிறதா என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறான். முடிந்தது.

ஆம்பிளைகளில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. சப்பென்று முடித்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே குளிக்கப் போனார்கள். மின்கு அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி போடச் சொன்னான். ரேடியோவை எப்படி மறுபடி போடுவது, கால் போனதோடு மூளையும் போய்விட்டதா என்று பேக் அக்கா கேட்டாள். அவன் சிரித்தான். ஒக்பூன் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கவைக்கோலை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

தணிக்கையில் ஒப்புதல் வாங்கிய பக்கங்களை ஒளித்துவைத்துவிட்டு, வேறு பக்கங்களை நடிகர்களிடம் கொடுத்தீர்களாம். நேரடி ஒலிபரப்பு என்பதால் நிலையத்தாரால் நிறுத்த முடியவில்லையாம். உங்களை எங்கோ வைத்து விசாரித்தார்கள், வேலையும் போய்விட்டது என்று ஹா சந்தோஷமாக வந்து சொன்னார். அவர் முன்னால் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து, எரியாத அடுப்புக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் வராவிட்டாலும் விழா நடந்தது. மின்குவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழவில்லை. ஒக்பூன் மேடை ஏறினாள், பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினாள், திருப்பி மேஜைமேல் வைத்தாள். "இதை மாட்ட எங்க வீட்டுச் சுவர்ல ஆணி இல்லீங்க. பம்பு குடுத்தா வாங்கிக்கறோம்" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் ஹாவால் தாங்க முடியவில்லை. கையுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஷிப்ட் கீழ்த்தளத்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. கத்தவில்லை, கல்லெறியவில்லை, உட்கார்ந்து சீட்டாடினார்கள். கரி வராததால் பெல்ட்டும் நின்றது. நாங்கள் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த வாரக் கடைசியில் பம்பு வந்தது. வேறு சுரங்கத்தில் ஓடிய பழசுதான், கிழவன் மாதிரி இருமுகிறது. ஆனால் தண்ணீர் இறைக்கிறது. தாங்குமரம் இன்னும் வரவில்லை. அதையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என்னைப் பெல்ட்டிலிருந்து எடுத்து வெளிக்களத்தில் மண்வெட்டி பிடிக்கப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது தண்டனையாம். காற்று நன்றாக இருக்கிறது, தோளும் பலமாகிவிட்டது. ஹா எதிரே வந்தால் வழி விடுகிறார்.

இனி உங்கள் விஷயம்.

உங்களுடைய சின்னக் கடிதம் கிடைத்தது. கிழக்குக் கடற்கரையில் ரயில் சுரங்கப்பாதைக்குப் பாறை உடைக்கிற குழுவில் சேரப் போகிறேன், வெடி வைக்கிற முனைக்கு ஆள் கிடைப்பதில்லையாம், எனக்கென்று யாரும் இல்லாததால் நான் போவதுதான் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்தேன். பிறகு வெளியே போய் மண்வெட்டியால் பனியைக் கொத்தினேன், அவ்வளவு கோபம்.

காங்சலைக் காப்பாற்றிவிட்டு, அவனை எழுதிய ஆளைக் கொல்லப் பார்க்கிறீர்கள். நான் சம்மதிக்க மாட்டேன். என் சம்மதம் எதற்கு என்று கேட்பீர்கள். இத்தனை வருஷம் நீங்கள் என்னைச் சாட்சியாக வைத்துத்தானே உங்களைத் தண்டித்துக்கொள்கிறீர்கள்? சாட்சி இப்போது பேசுகிறாள். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் வண்டி முன்னால் போனது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இதுவரை நான் தொடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் போன மறு வருஷம் வசந்தத்தில் நீங்கள் வந்து எங்கள் கூரையை அடைத்தீர்கள். வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். யோன்ஜி உங்கள் மடியில் தூங்கிவிட்டாள், அவளை எழுப்பக் கூடாது என்று வெகுநேரம் காலை நீட்டாமல் இருந்தீர்கள். ஏதோ சொல்ல வந்து, சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்தீர்கள், நிறுத்திவிட்டீர்கள். அடுத்த வாரம் சியோலுக்குப் போய்விட்டதாக மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் போனீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்ததைக் கேட்பானேன்.

இங்கே ஒரு வேலை இருக்கிறது. மின்குவும் இன்னும் சிலரும் மரத்துக்காகவும் காற்றுக்குழாய்க்காகவும் மனு கொடுக்கப் போகிறார்கள். எழுத ஆளில்லை. மின்கு எழுதினால் 'மரியாதைக்குரிய திருடர்களே' என்று தொடங்குகிறான். சாராயக் கடைக்கு மேலே இருக்கும் அறையை வாடகைக்கு விடுகிறார்கள். குளிர்காலம் முடிகிறது, ஆற்றோரம் பனி உருகி, கீரை பறிக்கப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். யோன்ஜிக்கு முன்பல் முளைத்துவிட்டது, ஒன்று கொஞ்சம் கோணல். அதைக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்கிறாள். இவ்வளவுதான் என்னால் எழுத முடியும். மீதியை எழுத எனக்குப் பழக்கமில்லை.

அந்த வெடிமுனைக்கு வேறு ஆள் தேடட்டும், இல்லையென்றால் ஆள் இறங்கத் தகுந்த மாதிரி அதைச் சரி செய்யட்டும். நீங்கள் நீண்ட காலம் இருக்க வேண்டும். பல் விழுந்து, காது மந்தமாகி, எல்லோரையும் தொல்லை பண்ணுகிற வயது வரைக்கும் இருக்க வேண்டும். அதுதான் என் ஆசீர்வாதம், கட்டளை என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

வருவதானால் யாருக்கும் பதிலாக வராதீர்கள். தீர்க்க வேண்டியது எதுவும் இங்கே இல்லை. நீங்களாக வாருங்கள், வர ஆசைப்பட்டு வாருங்கள். இருட்டிய பிறகு ஊருக்குள் நுழைகிற அந்தக் கடைசி ரயில் வேண்டாம். பகல் ரயிலில் வாருங்கள். ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குத்தான் அது வந்து நிற்கும், காம்கோல் முழுவதும் அப்போது ஸ்டேஷன் பாதையில் இருக்கும். எல்லோரும் பார்க்கட்டும். நானும் அங்கேதான் நிற்பேன்.

இன்சுக்